எல்லைகள் நடந்தன, ஏடுகள் பேசின
(மைசூரில் நடைபெற்ற நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மைசூரில் குடியிருக்கும் நம் பிள்ளைகளில் இந்தக் கேள்விக்கு ஆளாகாதவர் இருக்க முடியாது. "நீங்கள் எந்த ஊர்க்காரர்? எப்போது இங்கே வந்தீர்கள்?" பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடும்போது கேட்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் கேட்கிறார்கள். கேட்பவர் எல்லோரும் பகையோடு கேட்பதில்லை; பலர் பழகுவதற்காகவே கேட்கிறார்கள். ஆனால் காவிரியில் தண்ணீர் குறையும் ஆண்டுகளில் அதே கேள்வி மிரட்டலாக மாறிவிடுகிறது.

நம்மில் சிலர், "பிழைக்க வந்தோம் ஐயா" என்று தலைகுனிந்து பதில் சொல்கிறோம். வேறு சிலர், "சோழன் காலத்திலேயே தலைக்காடு எங்கள் கையில் இருந்தது" என்று மார்தட்டுகிறோம். முதல் பதிலில் தன்மானம் இல்லை. இரண்டாவது பதிலில் நியாயம் இல்லை. சரியான பதில் வேண்டுமானால் இந்த மண்ணில் அரசுகள் எப்படி வளர்ந்தன, எல்லைகள் எப்படி நகர்ந்தன, அவற்றின் சுமையைத் தாங்கியவர் யார் என்பதை நாம் அறிந்தாக வேண்டும். இன்று அதைப்பற்றித்தான் பேசப்போகிறோம்.

தோழர்களே, 1500க்கும் 1800க்கும் இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கப்பலேறி வந்து கடற்கரைகளைப் பிடித்தார்கள். அதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அதே காலத்தில் கப்பலை நம்பாமல், தரைவழியாகவே பேரரசுகள் பெருகின. துருக்கியில் ஆட்டோமான்கள், பாரசீகத்தில் சபாவியர், தில்லியில் மொகலாயர், ரஷ்யாவில் ஜார் மன்னர்கள், சீனத்தில் மஞ்சு வம்சம். மொழி வேறு, மதம் வேறு. ஆயினும் அவர்கள் கையாண்ட வழிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. பீரங்கியும் குதிரையும் கொண்டு நிலத்தைப் பிடித்தார்கள். பிடித்த நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். அந்த வரிப்பணத்தில் மேலும் படை சேர்த்தார்கள். உள்ளூர்த் தலைவர்களை ஒன்று அழித்தார்கள், அல்லது சம்பளக்காரர்களாக ஆக்கினார்கள்.

இதே வேலையைச் சிறிய அளவில் செய்து, பின்பு தென்னாட்டையே நடுங்கவைத்த அரசு ஒன்று உண்டு. அதைத் தேடி நாம் தூரதேசம் போகவேண்டாம். நாம் வசிக்கும் இந்த மைசூர் அரசுதான் அது.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. அதற்குப் பிறகும் அதன் பிரதிநிதி ஒருவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்து ஆண்டுவந்தார். மைசூர் உடையார்கள் அப்போது அவருக்குக் கட்டுப்பட்ட சிறிய தலைவர்கள். 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். அதே ஆண்டில் அங்கே தசரா விழாவையும் தொடங்கினார். விஜயநகரப் பேரரசர்கள் கொண்டாடிய விழா அது. கோட்டையைப் பிடித்தால் மட்டும் போதாது, பழைய பேரரசின் வாரிசு நாம்தான் என்று மக்கள் கண்முன் காட்டவும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றும் நாம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்கப்போகும் ஜம்பு சவாரிக்குப் பின்னால் இப்படி ஓர் அரசியல் உண்டு.

பின்னர் கண்டீரவ நரசராஜர் 1638இல் பட்டத்துக்கு வந்தார். பீஜப்பூர் படையைத் தடுத்து நிறுத்தினார். தம் பெயரில் நாணயம் அடித்தார். கண்டீரவப் பணம் என்று அது வழங்கியது. சொந்த நாணயம் அடிப்பவன் எவனுக்கும் கீழ்ப்பட்டவன் அல்லன் என்பது அக்கால வழக்கம்.

அந்தக் காலத்திலேயே மைசூர்ப் படைகள் மலையிறங்கித் தமிழ்நாட்டுக்குள் வந்தன. சத்தியமங்கலம், திம்பம், ஆசனூர், சாமராஜநகர் என்று ஊருக்குப் போகவர நாம் பேருந்தில் கடக்கும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்தில் மோயாற்றை ஒட்டிய கஜலட்டிக் கணவாய் அந்நாளில் பெயர்பெற்ற படைவழி. அந்த வழியின் கீழ்முனையில் நின்ற டணாயக்கன் கோட்டை இப்போது பவானிசாகர் அணைநீருக்குள் கிடக்கிறது. கணவாய் எவன் கையில் இருந்ததோ, கொங்குநாட்டு நெல்லும் பருத்தியும் மாடும் அவன் கையில் இருந்தன.

1656ஐ ஒட்டி மதுரைத் திருமலை நாயக்கருக்கும் மைசூருக்கும் நடந்த சண்டைக்கு "மூக்கறுப்புப் போர்" என்று பெயர். மைசூர்ப் படை வந்த வழியெல்லாம் மக்களின் மூக்கை அறுத்தது. இராமநாதபுரம் சேதுபதியின் உதவியோடு அதை விரட்டிய மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் புகுந்து அதே மூக்கறுப்பைச் செய்தது. இதில் எந்தப் பக்கத்து வீரத்தை நாம் கொண்டாடுவது? மூக்கை இழந்தவன் இரண்டு பக்கத்திலும் உழவன்தான், கூலிக்காரன்தான். 

தாய்மார்களே, ஊரைப் பிடிப்பது எளிது. பிடித்த ஊரைக் கையில் வைத்திருப்பதுதான் கடினம். அந்தக் கலையில் தேர்ந்தவர் சிக்கதேவராஜ உடையார். 1673 முதல் 1704 வரை ஆண்டார். 1687இல் மொகலாயப் படை பெங்களூரைப் பிடித்தபோது, இவர் 3 லட்சம் ரூபாய் கொடுத்து அந்த ஊரை விலைக்கு வாங்கினார். வாள் எடுக்காமலே பணத்தால் ஒரு நகரம் கைமாறியது. ஔரங்கசீப்பிடம் தூது அனுப்பி நட்புப் பாராட்டினார். மேலிருக்கும் பேரரசனோடு சமாதானம் செய்துகொண்டு, கீழே சேலம், கோயம்புத்தூர், பாரமகால் பக்கம் கையை நீட்டினார்.

ஔரங்கசீப்பிடம் போய்வந்த தூதர்கள் மூலம் மொகலாய நிர்வாக முறையைக் கேட்டறிந்து, தம் அரசாங்கத்தை 18 இலாகாக்களாகப் பிரித்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒவ்வோர் இலாகாவுக்கும் "சாவடி" என்று பெயர். நாம் கிராமச் சாவடி என்கிறோமே, அதே சொல்தான். சுங்கத்துக்கு ஒரு சாவடி, இரும்புக்கு ஒரு சாவடி, புகையிலைக்கு ஒரு சாவடி, கோயில்களுக்கு ஒரு சாவடி. வெண்ணெய்ச் சாவடி என்றும் ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டு அரண்மனைச் சமையற்கட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அரசின் மாட்டு மந்தைகளைப் பராமரிக்கும் இலாகா அது. பீரங்கி இழுக்கவும் படைக்குத் தானியம் சுமக்கவும் காளைகள் வேண்டும். பின்னாளில் திப்பு சுல்தான் அதற்கு "அமிர்த மகால்" என்று பெயர் வைத்தார். அந்த மாட்டினம் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது.

"அஞ்சே" என்றொரு தபால் இலாகாவும் இருந்தது. தமிழில் நாம் அஞ்சல் என்பதற்கு உறவான சொல். கடிதம் கொண்டுபோவதோடு, எந்த ஊரில் யார் என்ன பேசுகிறார்கள் என்று மன்னருக்கு இரகசியமாகத் தெரிவிப்பதும் அந்த ஆட்களின் வேலையாக இருந்தது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? நிலவரியிலிருந்து வந்தது. அவருக்கு "நவகோடி நாராயணன்" என்று பட்டப்பெயர். ஒன்பது கோடி சேர்த்துவைத்தவர் என்று பொருள். சேர்த்துக் கொடுத்தவன் என்ன செய்தான்? வரிச்சுமை தாங்காமல் கிராமங்கள் எதிர்த்து நின்றன. உழவர்கள் ஏரைத் தலைகீழாக ஊர்வாசல் மரத்தில் தொங்கவிட்டு, குறை தீரும்வரை உழமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள் என்று ஆங்கிலேய அதிகாரி வில்க்ஸ் எழுதிவைத்திருக்கிறார். எதிர்ப்புக்குத் துணைநின்ற ஜங்கமத் துறவிகளை நஞ்சன்கூட்டுக்கு வரவழைத்துக் கொன்றார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் கொலைக் கதையை ஏற்காத வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆனால் வரி உயர்ந்ததையும், உழவர் எதிர்த்ததையும், எதிர்ப்பு அடக்கப்பட்டதையும் மறைக்க முடியாது. வேலைநிறுத்தம் ஆலைத்தொழிலாளி கண்டுபிடித்தது என்று நினைக்கிறோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மரத்தில் தொங்கிய ஏர் அதைச் செய்துகாட்டியது.

நம் கொங்குநாட்டில் வழங்கும் கதை ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தை வழிமறித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவிலுள்ள சின்னமலை வாங்கிக்கொண்டதாகப் போய்ச் சொல்" என்றாராம் தீரன் சின்னமலை. அதே சின்னமலை பிறகு திப்புவின் பக்கம் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தார். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். மைசூர் வரியை எதிர்த்தவரே மைசூரோடு சேர்ந்து போரிட்டார் என்றால், இது தமிழன் கன்னடன் சண்டை அல்ல என்பது விளங்கவில்லையா?

இனி ஐதர் அலி காலத்துக்கு வருவோம். அவர் அரச வம்சத்தில் பிறந்தவர் அல்லர். சாதாரணப் படைவீரராகத் தொடங்கி உயர்ந்தவர். 1755இல் திண்டுக்கல் பௌஜதாராக நியமிக்கப்பட்டார். அங்கேதான் பிரெஞ்சுக்காரர் உதவியோடு ஆயுதச்சாலை அமைத்தார். பாளையக்காரர்களை அடக்கி வரி வாங்கினார். மைசூரை ஆளும் வலிமையை அவர் தேடிக்கொண்டது தமிழ்நாட்டுத் திண்டுக்கல்லில் என்பதை மறந்துவிடக்கூடாது. 1761இல் மைசூர் அரசின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. 1763இல் பெத்னூரைப் பிடித்தார். அதன் செல்வம் அவர் படையைப் பெருக்கியது.

1779இல் சித்திரதுர்க்கம் வீழ்ந்தது. கோட்டையைப் பிடித்ததோடு ஐதர் நிற்கவில்லை. அங்கிருந்த பேடர் குலத்து மக்கள் பல ஆயிரவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோனார். சிறுவர்களைப் பிரித்தெடுத்துப் பயிற்சி கொடுத்து "சேலா" படை என்று அமைத்தார். சேலா என்றால் சீடன். ஆட்டோமான் சுல்தான்களும் பால்கன் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களை எடுத்து ஜானிசரிப் படை அமைத்தார்கள். ஊரும் உறவும் இல்லாத பிள்ளை அரசனை மட்டுமே நம்பி இருப்பான் என்பது இரண்டு இடத்திலும் கணக்கு. பெற்ற தாயின் கண்ணீர் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் தோழர்களே, அடுத்த முறை தரியா தௌலத் மாளிகையின் சுவரை நன்றாகப் பாருங்கள். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை ஐதரும் திப்புவும் முறியடித்த காட்சி அங்கே பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கிறது. யானை இருக்கிறது, குதிரை இருக்கிறது, பல்லக்கில் பெய்லி இருக்கிறார். காஞ்சிபுரம், ஆர்க்காட்டுச் சீமை உழவர்களின் கதையை அந்தச் சுவர் சொல்லவில்லை. ஆங்கிலேயருக்குத் தானியம் கிடைக்கக்கூடாது என்பதற்காக அந்தச் சீமையின் கிராமங்கள் கொளுத்தப்பட்டன. கிணறும் ஏரியும் பாழாயின. பஞ்சம் வந்தது. நெசவாளர்களும் கைவினைஞர்களும் குடும்பம் குடும்பமாக மைசூர்ச் சீமைக்கு ஓட்டிவரப்பட்டார்கள். குடகிலிருந்தும், மங்களூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்களிலிருந்தும் பிற்பாடு திப்பு காலத்தில் பெருங்கூட்டம் சிறைப்பட்டு வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தீவில் உள்ள கஞ்சாம், சீரா நகரத்துக் குடும்பங்களைப் பெயர்த்துக்கொண்டுவந்து குடியேற்றிய ஊர்.

"எப்போது வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு வரலாறு தரும் ஒரு பதில் இதுதான்: எல்லோரும் வந்தவர்கள் அல்லர். கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. பெங்களூரில் தோட்டக்கலையில் பெயர்பெற்ற திகளர் சமூகத்தில் தமிழ்பேசும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் கை பட்டுத்தான் லால்பாக் போன்ற தோட்டங்கள் செழித்தன. அந்த ரோஜாவுக்கு எந்த மாநிலத்து ரோஜா என்று பெயர் வைப்பது?

திப்பு சுல்தானைப் பற்றி இன்று இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு சாரார் தெய்வமாக்குகிறார்கள், ஒரு சாரார் பூதமாக்குகிறார்கள். நாம் ஏட்டைப் பார்ப்போம். வங்காளத்துக்கு ஆளனுப்பிப் பட்டுப்புழு வளர்ப்பைக் கற்றுவரச் செய்து இங்கே பரப்பினார். இன்று மைசூர்ப் பட்டு என்று உலகம் புகழும் தொழிலுக்கு அது ஒரு வித்து. இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த ராக்கெட்டால் ஆங்கிலேயரைக் கலங்கடித்தார். பாளையக்காரர்களையும் குத்தகைதாரர்களையும் ஒதுக்கிவிட்டு, அரசு அதிகாரிகள் மூலம் உழவனிடம் நேரடியாக வரி வாங்க முனைந்தார். அதே திப்பு ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஊரைவிட்டுப் பெயர்த்தார். இரண்டும் உண்மை. இரண்டும் ஒரே நோக்கத்துக்காக நடந்தன. இடையில் யாரும் இல்லாமல் நிலமும் ஆளும் தொழிலும் அரசின் கையில் இருக்கவேண்டும் என்பதே அந்த நோக்கம்.

அந்த அரசை வென்றவர்கள் என்ன செய்தார்கள்? 1792 உடன்படிக்கையில் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட ஒப்புக்கொண்டார். இரண்டு மகன்களைப் பிணையாகக் கொடுத்தார். சேலமும் பாரமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனிக்குப் போயின. பாரமகாலில் ரீடும் மன்றோவும் நிலம் அளந்து, தனித்தனி உழவனிடம் வரி வாங்கும் முறையை வகுத்தார்கள். அதுவே பின்னர் ரயத்துவாரி என்று சென்னை மாகாணத்தில் பரவியது. திப்பு போன பாதையில்தான் வெள்ளைக்காரனும் போனான். அவன் இன்னும் கெட்டியாகப் போனான் என்பதே வேறுபாடு.

1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்தில் மாண்டார். ஐந்து வயதுச் சிறுவனான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் வைத்து, ஆண்டுக்கு 7 லட்சம் வராகன் கப்பம் கட்டவேண்டும் என்றது கம்பெனி. கையோடு நில அளவைக்காரர்களை அனுப்பியது. எந்த ஊரில் என்ன விளைகிறது, எத்தனை தறி ஓடுகிறது என்று எழுதிவர 1800இல் புக்கானன் என்ற மருத்துவரைச் சென்னையிலிருந்து அனுப்பியது. துப்பாக்கி ஓய்ந்த மறுநாளே பேனா எழுந்தது.

கப்பச் சுமை உழவன் தலையில் விழுந்தது. 1830இல் நகர் சீமையில் உழவர்கள் ஊர்ஊராகக் கூடி வரி மறுத்தார்கள். அந்தக் கூட்டங்களுக்குக் கன்னடத்தில் "கூட்ட" என்றே பெயர். கலகத்தைக் காரணம் காட்டி 1831இல் ஆங்கிலேயர் மைசூர் ஆட்சியைத் தாமே எடுத்துக்கொண்டு, 1881இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது எல்லையின் கதையைக் கேளுங்கள். நமக்கு அடுத்த கொள்ளேகால் மைசூர் அரசில் இருந்தது. 1799க்குப் பின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டு அங்கேயே இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாநிலத்துக்கு வந்தது. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர்க்காரன் தன் வீட்டுத் திண்ணையை விட்டு ஓர் அடி நகரவில்லை. எல்லைதான் அவன் வாசலில் இப்படியும் அப்படியும் நடந்தது. அவனை யார் வந்தேறி என்பது? அவன் வீட்டில் கன்னடமும் தமிழும் ஒரே அடுப்பில் வேகின்றன.

காவிரி வழக்கும் நேற்றுத் தொடங்கியதல்ல. சிக்கதேவராஜர் ஆற்றின் குறுக்கே அணை போட்டபோது தஞ்சை மராட்டிய மன்னரும் மதுரை ராணி மங்கம்மாளும் படையெடுக்க எண்ணினார்கள். அதற்குள் வெள்ளம் அணையை உடைத்துவிட்டது என்று நூல்கள் கூறுகின்றன. அன்று மன்னர்கள் அதை மன்னர் வழக்காக நடத்தினார்கள். இன்று நீதிமன்றம் இருக்கிறது, ஆணையம் இருக்கிறது. ஆனாலும் 1991 டிசம்பரில் நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வந்ததும் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் தமிழ்க் குடும்பங்கள் தாக்கப்பட்டன. பலர் கைக்குழந்தையோடு எல்லை தாண்டி ஓடினார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்தன. அதே நாட்களில் தமிழ்நாட்டிலும் கன்னடர் மீது கை ஓங்கியவர்கள் உண்டு. அதையும் நாம் கண்டிக்கிறோம். அணையைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் இல்லாத சித்தாளும் கொத்தனும் தண்ணீருக்காக ஏன் அடிபட வேண்டும்? மூக்கறுப்புப் போரின் மிச்சம் அல்லவா இது?

ஆகவே தோழர்களே, வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியவை மூன்று.

முதலாவது, எந்த மன்னரும் நம் மன்னர் அல்லர். சோழர் பெருமை பேசிக் கன்னடத் தோழரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். அவர் உடையார் பெருமை பேசினால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மரத்தில் தொங்கிய ஏரின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அது அவருடைய பாட்டனின் ஏர். நம் பாட்டனின் ஏரும் அப்படித்தான் தொங்கியிருக்கும்.

இரண்டாவது, இந்த மண்ணின் மொழியை நம் பிள்ளைகள் பிழையறக் கற்கவேண்டும். தமிழை வீட்டில் காப்போம். கன்னடத்தை வீதியில் மதிப்போம். சாவடியும் சுங்கமும் கூட்டமும் இரு மொழிக்கும் பொதுவாக இருக்கும்போது நமக்கு என்ன அச்சம்?

மூன்றாவதுதான் மிக முக்கியம். அரசு என்பது அன்றும் இன்றும் ஏட்டால் ஆள்கிறது. அன்று அந்த ஏட்டில் நாம் வரியாக எழுதப்பட்டோம், சிப்பாயாக எழுதப்பட்டோம், கைதியாக எழுதப்பட்டோம். இன்று குடியாட்சி. குடிமகனாக எழுதப்படும் உரிமை நமக்கு உண்டு. அப்படியிருந்தும் எத்தனை பேர் பத்து ஆண்டு இங்கே உழைத்தும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமல் இருக்கிறோம்? கட்டட வேலை செய்கிற எத்தனை பேர் நல வாரியத்தில் பதியாமல் இருக்கிறோம்? சாரத்திலிருந்து விழுந்த பிறகு, "இவன் எங்கள் ஆள் இல்லை" என்று மேஸ்திரி கைகழுவும்போது அழுது பயனில்லை. ஏட்டில் இல்லாதவனுக்கு வழக்கும் இல்லை.

எனவே இந்த மாதம் முதல், எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் வீடுவீடாகப் போகவேண்டும். யாருக்கு ரேஷன் அட்டை இல்லை, யாருக்கு வாக்கு இல்லை, எந்தப் பிள்ளை பள்ளியை நிறுத்திவிட்டது என்று எழுதிவரவேண்டும். மன்னர்கள் நம்மை எண்ணினார்கள், வெள்ளைக்காரன் நம்மை எண்ணினான். இப்போது நம்மை நாமே எண்ணிக்கொள்வோம். பக்கத்து வீட்டுக் கன்னடக் கூலித்தோழருக்கும் பெயர் விட்டுப்போயிருந்தால் அவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

இனி யாராவது "எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டால் தலைகுனியவும் வேண்டாம், மார்தட்டவும் வேண்டாம். "இங்கே உழைக்கிறோம், இங்கே வரி கட்டுகிறோம், இங்கே வாக்களிக்கிறோம்" என்று அவர் மொழியிலேயே அமைதியாகச் சொல்லுங்கள். அந்தப் பதில் உண்மையாக இருக்கவேண்டுமானால் வேலையை நாளைக் காலையே தொடங்கவேண்டும்.